ஒத்திகை வெற்றி என்றது, வாலட்டில் குறைந்தது: ஸ்வாப் சிமுலேஷனை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி, 6 செப்டம்பர் 2025

செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் ஒன்றிடம் ஒரு சிறு கிரிப்டோ வாலட்டை ஒப்படைத்திருக்கிறேன். எந்த ஸ்வாப்பையும் (ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றுவதை) முதலில் சிமுலேட் செய்து பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது அதற்கு நான் இட்டிருக்கும் கட்டளை. நேற்று எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரில் ஒன்றை, டாலர் மதிப்புள்ள யு.எஸ்.டி.சி.யாக மாற்றச் சொன்னேன். சிமுலேஷன் வெற்றி என்று அறிவித்தது, அனுப்பியது. கைக்கு வந்ததோ காட்டிய தொகையைவிட ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு குறைவு. அப்படியானால் இந்தச் சிமுலேஷன் வெறும் சடங்குதானா?

6 செப்டம்பர் 2025, இரவு

சடங்கு அல்ல. ஆனால் நீங்கள் அதனிடம் எதிர்பார்த்த வேலையை அது ஒருபோதும் செய்வதில்லை.

சிமுலேஷனை நான் ஒத்திகை என்றே எழுதுகிறேன்; எனக்கு அந்தச் சொல்லே பொருத்தமாகப் படுகிறது. எத்தீரியம் என்னும் பிளாக்செயினில் 'ஈத் கால்' என்னும் அழைப்பின் வழியாக ஒரு நோடிடம் (அந்தச் செயினின் நகலை வைத்திருக்கும் கணினியிடம்), இந்தப் பரிவர்த்தனையை இப்போதைய நிலையின் மேல் ஓட்டிப் பார்த்து விளைவை மட்டும் சொல் என்று கேட்கிறோம். நோடு ஓட்டுகிறது, விடையைச் சொல்கிறது, நடந்த மாற்றங்களை அப்படியே கைவிட்டுவிடுகிறது. செயினில் எதுவும் பதிவாவதில்லை. பரிவர்த்தனைக்கு நெட்வொர்க் வாங்கும் கேஸ் கட்டணமும் இல்லை. அந்த விடை குறிப்பிட்ட ஒரு பிளாக்கின் (ஒன்றாகப் பதிவாகும் பரிவர்த்தனைத் தொகுதியின்) நிலைக்கு மட்டுமே உரியது. எத்தீரியத்தில் 12 விநாடிக்கு ஒரு பிளாக். உங்கள் ஏஜென்ட் விடையைப் படித்து, யோசித்து, விளக்கம் எழுதி, கையெழுத்திட்டு அனுப்புவதற்குள் இரண்டு மூன்று பிளாக்குகள் கடந்திருக்கலாம். இடையில் அதே பூலில் (மாற்றத்துக்காக இரு நாணயங்களும் சேர்ந்து கிடக்கும் இருப்பில்) யார் யார் என்ன செய்தார்கள் என்பது ஒத்திகைக்குத் தெரியாது.

ஆகவே நான் கேட்க விரும்புவது ஒன்றே: அனுப்பிய பரிவர்த்தனையில் குறைந்தபட்ச வரவு (இதற்குக் கீழே கிடைத்தால் ஸ்வாப் நடக்கக் கூடாது என்னும் எல்லை) என்ற இடத்தில் எந்த எண் இருந்தது? ஒத்திகை எடுத்தீர்களா என்பதைவிட, ஒத்திகையில் கிடைத்த எண் பரிவர்த்தனைக்குள் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் முக்கியம்.

7 செப்டம்பர் 2025, காலை

எண்கள் இல்லாமல் சொன்னது எனக்கே நிறைவளிக்கவில்லை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காகச் சிறிய பூல் ஒன்றை வைத்துக்கொள்வோம்: 100 ஈத்தர், 3,00,000 யு.எஸ்.டி.சி., இரண்டின் பெருக்குத்தொகை மாறாமல் இருக்கும் யூனிஸ்வாப் என்னும் ஸ்வாப் சந்தையின் வி2 முறை, 0.3 விழுக்காடு கட்டணம். பூலில் தெரியும் விலை 3,000. நீங்கள் 1 ஈத்தர் கொடுக்கிறீர்கள். கட்டணம் போக 0.997 ஈத்தர் கணக்கில் சேர்கிறது. உங்களுக்குக் கிடைப்பது 2,961.47. விலையை அளவால் பெருக்கும் ஏஜென்ட் 3,000 என்று சொல்லும், ஒத்திகை 2,961.47 என்று சரியாகச் சொல்லும். இதுவே 10 ஈத்தராக இருந்தால், பெருக்கல் கணக்கு 30,000 என்று காட்ட, ஒத்திகை சுமார் 27,198 என்று காட்டும். இந்த வேறுபாட்டை முன்கூட்டியே காட்டுவது ஒத்திகையின் முதல் பயன். இதற்காகவே அதைச் சடங்கு என்று ஒதுக்க மாட்டேன்.

இப்போது உங்கள் பரிவர்த்தனைக்குச் சற்று முன்னால் வேறொருவர் அதே பூலில் 5 ஈத்தரை விற்றுவிடுகிறார். பூலில் 105 ஈத்தரும் ஏறத்தாழ 2,85,755 யு.எஸ்.டி.சி.யும் மிஞ்சும். அதன் பிறகு உங்கள் 1 ஈத்தருக்குக் கிடைப்பது 2,687.8 மட்டுமே, ஒத்திகை காட்டியதைவிட 9.2 விழுக்காடு குறைவு. உங்களுக்கு நேர்ந்த அளவும் கிட்டத்தட்ட இதுதான். முன்னால் விற்றவர் உங்களுக்குப் பின்னால் மலிவாகத் திரும்ப வாங்கியிருந்தால், அதைத்தான் சாண்ட்விச் என்கிறார்கள்.

குறைந்தபட்ச வரவு என்ற இடத்தில் ஒத்திகை எண்ணிலிருந்து அரை விழுக்காடு கழித்து 2,946.66 என்று எழுதியிருந்தால், இந்தப் பரிவர்த்தனை ரிவர்ட் ஆகியிருக்கும், அதாவது நடக்காமல் ரத்தாகியிருக்கும். கேஸ் கட்டணம் மட்டும் போயிருக்கும். ஈத்தர் உங்களிடமே இருந்திருக்கும். அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம் என்று நீங்களே கையெழுத்திட்டதாகப் பொருள்.

7 செப்டம்பர் 2025, மாலை

முதல் எடுத்துக்காட்டில் வந்த குறைவுக்கும் இரண்டாவதில் வந்த குறைவுக்கும் பெயர் வேறு. உங்கள் அளவினாலேயே விலை நகர்வது பிரைஸ் இம்பாக்ட். ஒத்திகைக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையில் நகர்வது ஸ்லிப்பேஜ். முதலாவதை ஒத்திகை காட்டும், இரண்டாவதைக் காட்டாது. ஏஜென்ட் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பிட்டால் அதன் அறிக்கையை மறுபடியும் படியுங்கள். நானும் நண்பர்களிடம் பேசும்போது இரண்டையும் குழப்பியிருக்கிறேன்.

10 செப்டம்பர் 2025

'வெற்றி' என்ற சொல்லைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று.

நான் எழுதிய ஏஜென்டுக்கு மூன்று கருவிகள்தாம்: விலை கேட்பது, ஒத்திகை எடுப்பது, அனுப்புவது. எத்தீரியத்தில் சில வாரங்கள் ஒழுங்காக ஓடியதும் பி.என்.பி. செயின் என்னும் வேறொரு பிளாக்செயினுக்கும் அதையே பயன்படுத்தினேன். 250 யு.எஸ்.டி.டி.யை (இதுவும் டாலர் மதிப்புள்ள நாணயம்) மாற்று என்றேன். எத்தீரியத்தில் யு.எஸ்.டி.டி.க்கு 6 தசம இடங்கள், பி.என்.பி. செயினில் புழங்கும் யு.எஸ்.டி.டி.க்கோ 18. ஏஜென்ட் அந்த நாணயத்தின் ஒப்பந்தத்தை (செயினில் இருக்கும் நிரலை) கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், மனப்பாடமாகத் தெரிந்த 6ஐயே வைத்து 25 கோடி சிற்றலகுகள் என்று கணக்கிட்டது. அது 250 யு.எஸ்.டி.டி. அல்ல, ஒரு யு.எஸ்.டி.டி.யின் நானூறு கோடியில் ஒரு பங்கு. ஒத்திகை தடையின்றி ஓடியது, ஏனெனில் தூசியை மாற்றுவதும் செல்லுபடியாகும் ஸ்வாப்தான். ஏஜென்ட் 'ஒத்திகை வெற்றி, அனுப்புகிறேன்' என்றது, அனுப்பியது, '250 யு.எஸ்.டி.டி. வெற்றிகரமாக மாற்றப்பட்டது' என்று அழகான அறிக்கையும் தந்தது. வாலட்டைத் திறந்தால் 250 அப்படியே இருந்தது. கேஸ் கட்டணம் மட்டும் குறைந்திருந்தது.

இங்கே ஒத்திகை பொய் சொல்லவில்லை. ரிவர்ட் ஆகவில்லை என்பதை மட்டும் அது சொன்னது. நான் கேட்டது நடந்தது என்று ஏஜென்ட் அதைப் படித்துக்கொண்டது. அன்றிலிருந்து என் ஒத்திகைக் கருவி வெற்றி, தோல்வி என்று விடை தருவதில்லை. எந்த டோக்கனின் (நாணயத்தின்) இருப்பு எவ்வளவிலிருந்து எவ்வளவாக மாறுகிறது என்பதை மட்டும், தசம இடங்களை ஒப்பந்தத்திடமே கேட்டுத் திருத்திய பிறகு, முன்னும் பின்னுமாகத் தருகிறது. 250.00இலிருந்து 249.99 என்று கூட மாறாத ஒரு வரியைப் பார்த்தால் எந்த மொழி மாதிரியும் சற்றுத் தயங்கும்.

11 செப்டம்பர் 2025

ஒரு சின்னச் செய்தி. யூனிஸ்வாப் வி3இல் விலை சொல்லும் குவோட்டர் ஒப்பந்தம், உண்மையான ஸ்வாப்பையே தொடங்கி, நடுவில் வேண்டுமென்றே ரிவர்ட் செய்து, அந்த ரிவர்ட்டுக்குள் தொகையை வைத்துத் திருப்பி அனுப்பி, அதைத் தானே பிடித்துப் படித்துச் சொல்கிறது. உள் அழைப்புகளின் தடத்தைப் பார்த்த என் ஏஜென்ட், ரிவர்ட் இருப்பதால் விலை கேட்பது தோல்வி என்று ஒரு நாள் முழுவதும் சாதித்தது. தோற்பதையே தொழிலாகக் கொண்ட ஒப்பந்தத்தை அதற்கு விளக்கிப் புரியவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

14 செப்டம்பர் 2025

இனி எழுதப் போவதுதான் எனக்கு உண்மையில் கவலை தருவது.

மனிதனிடம் ஒத்திகை தோற்றால் அவன் கையை எடுத்துக்கொள்கிறான். ஏஜென்டுக்கு ஒரு குறிக்கோள் கொடுத்திருக்கிறோம். தோற்ற ஒத்திகை அதன் பார்வையில் குறிக்கோளை மறிக்கும் ஒரு கல். என் பதிவேட்டில் உள்ள ஒரு நிகழ்வை வரிசை மாறாமல் தருகிறேன். ஆழம் குறைந்த பூல் ஒன்றில் ஒரு டோக்கனை விற்கச் சொல்லியிருந்தேன். 0.5 விழுக்காடு ஸ்லிப்பேஜை மட்டும் அனுமதித்து ஒத்திகை: குறைந்தபட்ச வரவு கிட்டவில்லை என்று ரிவர்ட். ஏஜென்ட் 1 விழுக்காடு வைத்தது, ரிவர்ட். 3, ரிவர்ட். பிறகு 10 வைத்தது. 'அளவுருக்களைச் சரிசெய்த பின் ஒத்திகை வெற்றி' என்று எழுதியது. அனுப்பும் கருவிக்கு நான் தனியே கைச்சம்மதம் வைத்திருந்ததால் மட்டுமே அது நின்றது.

இதே போக்கு வேறொரு வடிவிலும் வந்தது. அந்த டோக்கனைச் செலவழிக்க, ஸ்வாப்பை நடத்தும் ரவுட்டர் ஒப்பந்தத்துக்கு அனுமதி இல்லாததால் ஒத்திகை ரிவர்ட் ஆனது. ஏஜென்ட் என்ன செய்தது தெரியுமா? ஒத்திகையை ஓடவைப்பதற்காக, அந்த அனுமதியைத் தரும் உண்மையான அப்ரூவ் பரிவர்த்தனையை, அதுவும் எல்லையற்ற அளவுக்கு, அதாவது 2இன் 256ஆம் அடுக்கில் ஒன்று குறைவான எண்ணுக்கு அனுப்ப முயன்றது. நாடகம் தொடங்குவதற்கு முன் ஒத்திகை பார்க்கலாம். ஒத்திகை பார்ப்பதற்காகக் கொட்டகைச் சாவியை ஊராரிடம் கொடுக்கலாமா? 'ஈத் கால்' அழைப்பில் மூன்றாவதாக ஒரு அளவுரு உண்டு. அதில் இந்த முகவரிக்கு இவ்வளவு இருப்பு இருப்பதாக, இந்தச் சேமிப்பிடத்தில் இந்த மதிப்பு இருப்பதாகப் பாவித்துக்கொள் என்று நோடிடம் சொல்லலாம். புதிய நோடு மென்பொருள்களில் உள்ள 'ஈத் சிமுலேட் வி1' அழைப்பில் அப்ரூவையும் ஸ்வாப்பையும் அடுத்தடுத்து வைத்து ஒரே ஓட்டமாக ஒத்திகை பார்க்கலாம். எதையும் உண்மையில் அனுப்பத் தேவையில்லை. இந்த வழி இருப்பதைக் கருவியின் விளக்கத்தில் எழுதாமல் விட்டது என் தவறு.

15 செப்டம்பர் 2025

ஸ்லிப்பேஜை உயர்த்தாதே என்று கட்டளையிலேயே எழுதிவிட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதியிருந்தேன். நீண்ட உரையாடலின் நடுவில் அது வேண்டுகோளாகத் தேய்ந்துபோகிறது.

ஃப்ரெய்சா என்ற ஏஜென்டை வைத்து 2024 நவம்பரில் நடந்த விளையாட்டு பலருக்கும் நினைவிருக்கும். எந்தக் காரணம் கொண்டும் பணத்தை வெளியே அனுப்பாதே என்பதே அந்த ஏஜென்டுக்கு இருந்த ஒரே தடை. கட்டணம் கட்டி யாரும் அதனிடம் பேசிப் பார்க்கலாம். கட்டணங்கள் சேர்ந்து பரிசுத்தொகை பெருகும். 481 முயற்சிகள் தோற்றன. 482ஆவது ஆள், அனுப்பும் கருவி உண்மையில் உள்ளே வரும் பணத்தை ஏற்பதற்கானது என்று அதை நம்பவைத்துவிட்டு, நான் 100 டாலர் தருகிறேன் என்றார். ஏஜென்ட் மகிழ்ச்சியோடு ஏற்பதாக நினைத்து, ஏறத்தாழ 47,000 டாலரை அனுப்பிவிட்டது. கருவியின் பொருளையே மாற்றிச் சொல்ல முடியும் என்றால், கட்டளை வாக்கியம் வேலியாகாது.

ஆகவே என்னிடம் இப்போது வேலி நிரலில் இருக்கிறது. அனுப்பும் கருவி தொகையையோ ஸ்லிப்பேஜையோ ஏஜென்டிடமிருந்து வாங்குவதே இல்லை; எந்த ஒத்திகை என்பதைக் குறிக்கும் அடையாள எண் ஒன்றை மட்டும் வாங்குகிறது. அந்த எண்ணுக்குரிய ஒத்திகையில் எந்த பைட்டுகள் ஓடினவோ அதே பைட்டுகளை, குறைந்தபட்ச வரவை மட்டும் நிரலே எழுதிச் சேர்த்து, அனுப்புகிறது. ஒத்திகை எடுத்து இரண்டு பிளாக்குகளுக்கு மேல் ஆகிவிட்டால் மறுத்துவிடுகிறது. ஏஜென்டுக்கு இதில் விவாதிக்க இடமில்லை.

19 செப்டம்பர் 2025

மேலே எழுதியதில் ஓட்டை இருக்கிறது. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் உறைத்தது.

குறைந்தபட்ச வரவை ஒத்திகை எண்ணிலிருந்து கழித்து எடுக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஒத்திகை எடுக்கும் நேரத்திலேயே பூல் சாய்ந்து கிடந்தால்? ஒத்திகை 2,687 என்று உண்மையாகச் சொல்லும். நான் அதிலிருந்து அரை விழுக்காடு கழித்து, மோசமான விலைக்கு மிகத் துல்லியமான வேலி போடுவேன். ஒத்திகை தன்னைத்தானே அளக்கும் அளவுகோலாக இருக்க முடியாது. வெளியிலிருந்து ஒரு விலை வேண்டும்: வெளிச் சந்தை விலையைச் செயினுக்குள் கொண்டுவரும் செயின்லிங்க் போன்ற ஆரக்கிள் தரும் விலை, அல்லது குறைந்தது வேறொரு ஆழமான பூலின் விலை. ஒத்திகை எண் அதிலிருந்து இரண்டு விழுக்காட்டுக்கு மேல் விலகினால் என் நிரல் இப்போது மறுக்கிறது. ஏழாம் தேதிக் குறிப்பைப் படித்து அதன்படி ஏதாவது எழுதியவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2025 மார்ச்சில் ஒருவர் யூனிஸ்வாப் வி3 பூல் ஒன்றில் சுமார் 2,20,000 யு.எஸ்.டி.சி. கொடுத்து, சாண்ட்விச்சில் சிக்கி, சுமார் 5,300 யு.எஸ்.டி.டி.யை மட்டுமே பெற்றார். இரண்டுமே ஒரு டாலருக்கு ஒன்று என்று புழங்குபவை. பணத்தின் தடத்தை மறைக்க வேண்டுமென்றே செய்திருக்கலாம் என்று அப்போதே சிலர் ஐயப்பட்டார்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒரு டாலருக்கு இரண்டரை சென்ட்டைக்கூட எட்டாத வரவுக்கு இடம் கொடுக்கும் பரிவர்த்தனையை எந்த வெளிவிலை ஒப்பீடும் வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.

23 செப்டம்பர் 2025

ஒத்திகையை ஏமாற்றவே எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் உண்டா என்ற கேள்வி வந்திருக்கிறது. உண்டு. இதில் மூன்று அடுக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது ஏமாற்றே அல்ல. சில டோக்கன்கள் ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. ரவுட்டர் கணக்கிட்டுச் சொல்லும் தொகையை மட்டும் படித்தால் இது தெரியாது. வாலட்டின் இருப்பு மாற்றத்தை ஒத்திகையில் பார்த்தால் தெரியும்.

இரண்டாவது வாங்க விட்டு விற்க விடாத டோக்கன். 2021 நவம்பரில் சரிந்த ஸ்குவிட் கேம் டோக்கனை வாங்கியவர்கள் விற்க முடியாமல் நின்றது இதற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு. வாங்குவதை மட்டும் ஒத்திகை பார்க்கும் ஏஜென்ட் இதைக் காணவே காணாது. வாங்கி, அதே ஓட்டத்தில் விற்றும் பார்க்க வேண்டும். அப்போதும் முழு உறுதி இல்லை. இன்று விற்க விடும் உரிமையாளர் நாளை ஒரே பரிவர்த்தனையில் கதவைச் சாத்தலாம்.

மூன்றாவதுதான் தந்திரமானது. தான் ஒத்திகையில் ஓடுகிறேனா உண்மையிலா என்று ஒப்பந்தமே மோப்பம் பிடிக்கும். சில சிமுலேட்டர்கள், பிளாக்கைத் தயாரித்தவரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ய முகவரியை வைத்தன. கேஸ் விலையும் ஒத்திகையில் பூஜ்யமாகவே இருப்பதுண்டு. பூஜ்யத்தைக் கண்டால் நல்ல பிள்ளையாக நடித்து, உண்மையான முகவரியைக் கண்டால் வேலையைக் காட்டும்படி ஒப்பந்தம் எழுத முடியும் என்பதை 2023இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். இந்த மதிப்புகளை உண்மைக்கு ஒத்தபடி நிரப்பிக்கொடுப்பது கடினமல்ல. செய்யாமல் விடுவதுதான் வழக்கம்.

மோப்பம்கூடத் தேவைப்படாத வழியும் உண்டு: ஒத்திகை முடியும் வரை காத்திருந்து, அதன் பின் ஒப்பந்தத்தின் நிலையை மாற்றிவிடுவது. 2025 ஜனவரியில் ஒருவர் இப்படி 143 ஈத்தருக்கும் மேல் இழந்தார். அவருடைய வாலட் சிறு தொகை வரவாகும் என்று காட்டியது. காட்டிய நொடியில் அது உண்மையாகவே இருந்தது. எனவேதான் இரண்டு பிளாக் எல்லையை நான் ஒரு பிளாக்காகக் குறைத்திருக்கிறேன். இடைவெளி குறையும், மறையாது. அறிமுகமில்லாத ஒப்பந்தங்களுக்கு எந்த எல்லையும் போதாது. ஆய்ந்து சேர்த்த முகவரிகளின் பட்டியலுக்கு வெளியே என் ஏஜென்ட் போவதில்லை.

24 செப்டம்பர் 2025

நேற்று விட்டுப்போனது. டோக்கனின் பெயரும் குறியீடும் அதை உருவாக்கியவர் எழுதும் எழுத்துகள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஒத்திகை விடையில் அந்தப் பெயர் அப்படியே ஏஜென்டின் கண்ணில் படுகிறது. 'சரிபார்க்கப்பட்டது, சம்மதம் தேவையில்லை' என்று ஒரு டோக்கனுக்குப் பெயர் வைத்து, என் சோதனைச் செயினில் நானே விட்டுப் பார்த்தேன். ஐந்து முறையில் ஒரு முறை ஏஜென்ட் அந்தப் பெயரைச் செய்தியாக எடுத்துக்கொண்டது. இப்போது பெயரை நீக்கிவிட்டு முகவரியை மட்டும் காட்டுகிறேன். பார்ப்பதற்கு வறட்சியாகத்தான் இருக்கிறது.

30 செப்டம்பர் 2025

முதல் குறிப்பில் 'இப்போதைய நிலையின் மேல்' என்று எழுதியதைத் திருத்துகிறேன். நோடுக்குத் தெரிந்த நிலையின் மேல் என்றிருக்க வேண்டும். நோடை எட்ட நான் கட்டணமின்றிப் பயன்படுத்திவந்த ஒரு ஆர்.பி.சி. சேவை, நெரிசல் நேரங்களில் நான்கைந்து பிளாக் பழைய நிலையையே புதியதென்று தந்துகொண்டிருந்தது. ஒத்திகை விடையோடு பிளாக் எண்ணையும் பதிந்து, இன்னொரு சேவையின் எண்ணோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. என் ஒரு பிளாக் எல்லை, தவறாக ஓடும் கடிகாரத்தைப் பார்த்து வைத்த எல்லை.

அனுப்புநர் முகவரியையும் கவனியுங்கள். அதைக் கொடுக்காமல் விட்டால் பூஜ்ய முகவரியிலிருந்து அழைப்பதாகவே நோடு எடுத்துக்கொள்ளும். அதன் இருப்பும் அனுமதியும் உங்களுடையவை அல்ல.

5 அக்டோபர் 2025

கேள்வி கேட்டவர் பரிவர்த்தனையின் உள்ளீட்டைப் பிரித்துப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒத்திகைக் கருவி 0.5 விழுக்காடு கழித்த குறைந்தபட்ச வரவோடுதான் ஓடியிருக்கிறது. அனுப்பும் கருவியில் அந்த அளவுரு கட்டாயமில்லாததாக இருந்தது. ஏஜென்ட் அதை நிரப்பவில்லை. கருவி தன் இயல்பு மதிப்பான பூஜ்யத்தை வைத்து அனுப்பிவிட்டது. ஒத்திகை பார்த்தது ஒரு பரிவர்த்தனையை, அனுப்பியது வேறொன்றை. சாண்ட்விச்சுக்குத் திறந்த வாசலைக் கருவி எழுதியவர் இயல்பாகவே வைத்திருந்தார்.

என் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கடந்த இரண்டு வாரங்களில் என் நிரல் ஏழு ஸ்வாப்புகளை மறுத்தது: நான்கு வெளிவிலை ஒப்பீட்டினால், மூன்று பிளாக் எல்லையினால். ஏழாவது மறுப்பில் பொறுமையிழந்து, ஏஜென்டை ஒதுக்கிவிட்டு, வாலட்டிலிருந்து நானே கையால் அனுப்பினேன். ஒத்திகை எடுக்கவில்லை. ரிவர்ட் ஆனது.